பொட்டு வைத்த பிராசசர்

சென்ற மாதம் என் மகன் தன் கணினியின் பிராசசரை மாற்ற வேண்டும் என்று கேட்டான். விளையாட்டின் நடுவில் படம் தடுக்குகிறதாம். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஒரு வாரத்துக்கு எத்தனை முறை தடுக்குகிறது என்று எழுதிக்கொண்டு வா, பிறகு பேசலாம் என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான். அவன் போன பிறகுதான், இதே சொற்களை என்னிடமும் ஒருவர் சொல்லியிருக்கிறார் என்பது நினைவுக்கு வந்தது.

என்னுடைய பழைய நோட்டுகள் எல்லாம் அலமாரியின் அடித்தட்டில் ஆண்டுவாரியாக இருக்கின்றன. பன்னிரண்டு வயதில் எழுதிய பச்சை அட்டை நோட்டை எடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. படித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அதில் எழுதியிருப்பது பதினோரு பக்கம்தான்.

அப்போது நாங்கள் மலாக்கா மாநிலத்துச் செலண்டாரில் இருந்தோம். தோட்டத்து வீட்டை விட்டு, டவுன் ஓரத்தில் புதிதாகக் கட்டிய தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டுக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பா தோட்டத்திலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். அம்மா தமிழ்ப் பள்ளியை ஒட்டியிருந்த பாலர்பள்ளியில் ஆசிரியை. நான் ஒரே பிள்ளை. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்கள் வீட்டுப் பின்னறையில் தங்கியிருந்தார். மலாக்கா நகரத்தில், தெங்கேராவில், ஒரு கணினிக் கடையில் அவருக்கு வேலை. காலையில் ஆறே முக்கால் பஸ், மாலையில் ஆறரை பஸ். சட்டைப் பையில் எப்போதும் சின்னத் திருப்புளி ஒன்று இருக்கும். அம்மா அதை எடுக்க மறந்து சட்டையை வாஷிங் மெஷினில் போட்டுவிட்டு, சத்தம் கேட்டு ஓடுவது எங்கள் வீட்டில் வாரம் ஒரு முறை நடக்கும்.

எங்கள் கணினியைக் கூட்டிச் சேர்த்துக் கொடுத்தவர் மாமாதான். அந்தக் காலத்துக் கணினிப் பெட்டியின் முன்பக்கத்தில் சிவப்பு எண்கள் எரியும். எங்களுடையதில் 66. அதுதான் பிராசசரின் வேகம் என்று மாமா சொன்னார். அப்பா அதை லாரியின் வேகம் காட்டும் முள்ளைப் போல எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு யார் வந்தாலும், “அறுபத்தாறுல ஓடுது” என்று காட்டுவார்.

அந்த ஆண்டு சரஸ்வதி பூசைக்கு லாரிக்குப் பொட்டு வைத்து முடித்ததும், அப்பா சந்தனக் கிண்ணத்தோடு கணினியின் முன்னால் வந்து நின்றார்.

“எங்க வைக்கிறது மாப்ள? இதுக்கு இஞ்சின் எது?”

“வெளியவே வைங்க மச்சான். பெட்டி மேல வச்சா போதும்.”

“லாரிக்குக் கதவுலயா வச்சேன்? பானெட்டத் தொறந்து இஞ்சினுக்குத்தான வச்சேன். தொற.”

மாமா பெட்டியின் மூடியைக் கழற்றினார். இப்போதெல்லாம் பிராசசரைக் கண்ணால் பார்க்க முடியாது. தலைக்கு மேல் விசிறி உட்கார்ந்திருக்கும். எங்களுடையதில் விசிறி கிடையாது. தீப்பெட்டி அகலத்தில், சாம்பலும் ஊதாவும் கலந்த நிறத்தில் ஒரு சதுரம், அவ்வளவுதான். அப்பா அதன் நட்டநடுவில் சந்தனம் தொட்டு, அதன் மேல் குங்குமம் வைத்தார். மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

“மச்சான், கெட்டுப்போனா இதுக்கு மேல வாரண்டி கெடையாது, பாத்துக்குங்க.”

“பொட்டே வச்சாச்சு, இன்னும் என்னலா வாரண்டி.”

கணினி கெடவில்லை. சூட்டில் சந்தனம் காய்ந்து, குங்குமம் பிராசசரோடு ஒட்டிக்கொண்டது என்று மாமா பிறகு சொன்னார்.

என்னுடைய பிரச்சினை ஒரு கார்ப் பந்தய விளையாட்டு. அதில் நான்காவது பந்தயத்தில் ஒரு பாலம் வரும். பாலத்தின் வளைவில் படம் நிற்கும். மறுபடி ஓடத் தொடங்கும்போது என் கார் ஆற்றில் இருக்கும். நான் அந்தப் பாலத்தைத் தாண்டியதே இல்லை. பிராசசர் பழசு, நூறு போட்டால் தாண்டிவிடலாம் என்று மாமா ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு வேறு பேச்சு இல்லை.

அம்மாவுக்கு வேண்டியது பிரிண்டர். பாலர்பள்ளியில் முப்பத்திரண்டு பிள்ளைகள். வண்ணம் தீட்டும் படங்களை அம்மா கையால் வரைந்து, கார்பன் தாள் வைத்துப் படி எடுப்பார். ஒரு தடவைக்கு நான்கு தாள். நான்காவது தாளில் யானைக்குத் தும்பிக்கை தெரியாது. அந்தத் தாள் கிடைத்த பிள்ளை அழும்.

ஆண்டு இறுதியில் ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்று அப்பா சொல்லிவிட்டார். பிராசசரா, பிரிண்டரா என்பதை மாமாதான் சொல்ல வேண்டும். கடையிலிருந்து நூறு ஒன்றை இரவலாகக் கொண்டுவந்து ஒரு வாரம் போட்டுப் பார்க்கலாம் என்று சரஸ்வதி பூசை சமயத்திலேயே மாமா வாக்குக் கொடுத்திருந்தார். எத்தனை முறை படம் நிற்கிறது என்பதை நான் எழுதி வைக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

தீபாவளி முடிந்தது. பள்ளி விடுமுறை தொடங்கியது. மாமா கொண்டுவரவில்லை. ஆறரை பஸ்ஸில் அவர் இறங்கும்போது நான் சடக்கு ஓரத்தில் நிற்பேன். கடை முதலாளியை அவர் தவுக்கே என்பார். தவுக்கே ஊரில் இல்லை என்றார் ஒரு நாள். ஸ்டாக் எடுக்கிறார்கள் என்றார் இன்னொரு நாள். மூன்றாவது நாள் என் கையில் ஒரு பொட்டலம் கச்சான் கடலையைக் கொடுத்தார். எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதியிருக்கிறேன். அம்மா ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது, “வாக்குக் குடுத்தா செய்யணும் தம்பி, பிள்ள தெனமும் ரோட்ல நிக்குது” என்றார். மாமா தட்டைப் பார்த்துத் தலையாட்டினார்.

அந்தச் சனிக்கிழமை அவர் உள்ளங்கை அளவு அட்டைப்பெட்டி ஒன்றோடு வந்தார்.

என்னைப் பக்கத்தில் விடவில்லை. “ஒன் கையில கரண்ட் இருக்கும் பாப்பா. தொட்டா இது செத்துரும். போய் அம்மாகிட்ட ஒரு தே ஓ வாங்கிட்டு வா” என்றார். நான் அந்தக் கறுப்புத் தேநீரை வாங்கிக்கொண்டு திரும்பியபோது மூடியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார். பொத்தானை அழுத்தினார். முன்பக்கத்தில் சிவப்பாக 100 எரிந்தது.

அப்பா குளித்துக்கொண்டிருந்தவர் துண்டோடு வந்து பார்த்தார். “நூறு” என்றார். அவ்வளவு மரியாதையாக அவர் எந்த எண்ணையும் சொல்லி நான் கேட்டதில்லை.

மறுநாள் காலையிலிருந்து எழுதத் தொடங்கினேன். பக்கத்தில் மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் கிழமை. இரண்டாவதில், விளையாட்டைத் திறந்ததிலிருந்து கொடி அசையும் வரை எத்தனை வினாடி. மூன்றாவதில், பாலத்தில் படம் எத்தனை முறை நிற்கிறது. வினாடி பார்க்க அப்பாவின் கைக்கடிகாரம். பழைய பிராசசருக்கு முன்னமே எடுத்து வைத்திருந்தேன்: நாற்பத்தெட்டு வினாடி, ஒன்பது முறை.

ஞாயிறு: நாற்பத்தெட்டு, ஒன்பது.

திங்கள்: நாற்பத்தேழு, ஒன்பது.

இதை இப்போது சரியாகச் சொல்ல வேண்டும். விளையாட்டு எனக்கு வேகமாகத்தான் தெரிந்தது. கார் கையில் லேசாகத் திரும்பியது. பாலத்தில் விழுந்தேன், ஆனால் முன்பைவிடத் தள்ளி விழுந்தேன். என் கண்ணுக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிவதைக் கடிகாரம் பிடிக்கவில்லை. ஆகவே கடிகாரத்தை அழுத்துவதில் நான் ஏதோ தவறு செய்கிறேன் என்று முடிவு செய்தேன். திங்கட்கிழமை மாலை ரப்பரை எடுத்து இரண்டு நாள் எண்களையும் அழித்துவிட்டு, எனக்கு நியாயமாகத் தோன்றியதை எழுதினேன். முப்பத்தொன்று, மூன்று. பொய் எழுதுகிறோம் என்ற நினைப்பு எனக்கு இல்லை. திருத்துகிறோம் என்றுதான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து கடிகாரத்தில் என்ன வந்தாலும் முதலில் அதை எழுதி, பிறகு அழித்து, திருத்தி எழுதினேன். ஏன் முதலிலேயே திருத்தியதை எழுதவில்லை என்று கேட்டால், உண்மையானதை ஒரு முறையாவது எழுத வேண்டும் என்று தோன்றியது என்றுதான் சொல்ல முடியும். நான் பென்சிலை அழுத்தி எழுதுகிறவள்.

புதன்கிழமை அம்மா பசாருக்குப் போயிருந்தார். அப்பா லாரியில், மாமா பஸ்ஸில். புதிய பிராசசரைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. கணினியை நிறுத்தி, கையில் இருக்கும் கரண்ட் போகட்டும் என்று குழாயில் இரண்டு முறை கை கழுவித் துடைத்துக்கொண்டு, மூடியைக் கழற்றினேன்.

அதே சாம்பல் ஊதாச் சதுரம். நட்டநடுவில் குங்குமம்.

நான் கொஞ்சமும் திகைக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு எந்தப் புதிய பொருள் வந்தாலும் பொட்டு வைக்காமல் ஓட்டியதில்லை. மிதிவண்டிக்கு வைத்தோம், கேஸ் அடுப்புக்கு வைத்தோம். இரவல் பொருளுக்கும் மறக்காமல் வைத்த மாமாவை மனதுக்குள் மெச்சிக்கொண்டு மூடியைப் போட்டேன். நோட்டில், புதன்கிழமைக் கட்டத்தின் கீழே, இடம் போதாமல் சின்ன எழுத்தில் எழுதினேன்: “புதிய பிராசசருக்கும் பொட்டு இருக்கிறது. மாமா வைத்திருக்கிறார்.”

அடுத்த ஞாயிறு பிற்பகல். அப்பா நாற்காலியில், அம்மா தரையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டு, நான் நோட்டோடு வாசற்படி ஓரத்தில். மாமா கணினி மேசைக்குப் பக்கத்தில் நின்றார்.

“என்ன மாப்ள, வண்டி ஏத்தம் ஏறுதா இல்லயா?”

“பாப்பா எழுதி வச்சிருக்கு மச்சான். தோட்டத்து ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி மாதிரி கோடெல்லாம் போட்டு.”

“அப்ப படி. கேப்போம்.”

நான் நோட்டைக் கொடுத்தேன். மாமா சிரித்த முகத்தோடுதான் வாங்கினார். முதல் வரியைப் பார்த்ததும் சிரிப்பு போய், புருவம் ஏறியது. என்னைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார். விரல் ஒவ்வொரு கட்டமாக இறங்கி, புதன்கிழமையில் நின்றது. நின்ற விரல் நகரவில்லை. அம்மா வெண்டைக்காயை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்த் தேநீர் கொண்டுவந்தபோதும் விரல் அங்கேயே இருந்தது.

“என்னலா, பிள்ள எழுத்து புரியலயா?” என்றார் அப்பா.

“புரியுது மச்சான். நல்லாவே புரியுது.”

மாமா சன்னல் பக்கமாகத் திரும்பி, நோட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு படித்தார். “ஞாயிறு, நாப்பத்தெட்டு செகண்ட். பாலத்துல ஒம்பது. திங்கள், நாப்பத்தேழு. பாலத்துல ஒம்பது. செவ்வா, நாப்பத்தெட்டு. பாலத்துல எட்டு.”

என் காது சூடாகிவிட்டது. அழித்த எண்களை அவர் ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டிருந்தார்.

“பழசுல எவ்ளோ?” என்றார் அப்பா.

“நாப்பத்தெட்டு, ஒம்பது.”

“அப்ப சாமா தானலா.”

“சாமாதான் மச்சான். ரெண்டும் ஒண்ணுதான். இந்த போர்டுக்கு நூறு ஏறாது. வாங்கினா வீண்.”

“மாமா, அப்படி இல்ல” என்றேன்.

“நீ எழுதினதத்தான படிச்சேன் பாப்பா. வேணும்னா நோட்ட அப்பாகிட்ட குடுக்கவா? அவரே படிக்கட்டும்.”

குரலில் மிரட்டல் எதுவும் இல்லை. நோட்டை நீட்டவும் இல்லை. மூடி, சட்டைப் பைத் திருப்புளியோடு சேர்த்து நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தார்.

“வேணாம்” என்றேன்.

“பாத்தீங்களா, இவன் கொண்டாந்ததையே இவன் வேணாங்கிறான்” என்று அம்மா பெருமையாகச் சொன்னார். “எந்த யாவாரி இப்படிச் சொல்லுவான்?”

“அதான் இவன் கடைசி வரைக்கும் கடையில வேல செய்யிற ஆளாவே இருப்பான்” என்றார் அப்பா. “சரி, பிரிண்டரே வாங்கிருவோம்.”

மாமா தேநீரை ஒரே மூச்சில் குடித்தார். அது நல்ல சூடாக இருந்திருக்க வேண்டும்.

அப்பா தூங்கப் போன பிறகு, பழைய பிராசசரைத் திருப்பி மாட்டுவதாகச் சொல்லி மாமா மூடியைத் திறந்தார். நான் பார்க்கவில்லை, கோபத்தில் பின்வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே வந்தபோது சிவப்பு எண் மறுபடி 66 ஆகியிருந்தது. நோட்டு என் மேசையில் இருந்தது. அவரிடம் ஒன்பது நாள் பேசவில்லை. ஒன்பது என்பதும் நோட்டில்தான் இருக்கிறது.

பெட்டியின் முகப்பில் எரிந்த அந்த எண்களுக்கும் உள்ளே இருக்கும் பிராசசருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, பின்னால் இருக்கும் சின்னச் செருகிகளை இடம் மாற்றினால் வேண்டிய எண்ணை எரிய வைக்கலாம் என்பதை நான் வளர்ந்த பிறகு எங்கோ படித்தேன். படித்தபோது எதையும் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. அம்மா ஒரு முறை, என் திருமணத்துக்குத் துணி எடுக்கப் போன இடத்தில், “அந்தத் தீபாவளிக்கு முன்னாடியே ஒன் மாமாவ கடையில நிறுத்திட்டாங்க, தெரியுமா? ஆள் கொறைச்சிட்டாங்க. யார்கிட்டயும் சொல்லாம ரெண்டு மாசம் தெனமும் பஸ் ஏறிப் போயி, பஸ் ஸ்டேஷன்ல உக்காந்துட்டு வந்திருக்கான்” என்றார். எந்தத் தீபாவளி என்று கேட்டு, சொன்னதும் ஐயோ பாவம் என்றேன். சேலையைப் பார்க்கப் போய்விட்டோம். சென்ற மாதம் அந்தப் பதினோரு பக்கத்தைப் படித்தபோதுதான் தேதிகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். அவர் இரவல் வாங்க ஒரு கடையே இல்லாத நாளில், அந்தச் சனிக்கிழமை வந்திருக்கிறது. அட்டைப்பெட்டியில் என்ன இருந்தது, ஏதாவது இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. குங்குமத்தை மட்டும் நான் கண்ணால் பார்த்து, என் கையால் எழுதியிருக்கிறேன். அதை வைத்தவர் அப்பா. அப்பா அந்த வரியைப் படித்திருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பார்.

மாமா இப்போது புலாவ் செபாங்கில் இருக்கிறார். தீபாவளிக்குத் தீபாவளி பார்க்கிறோம். நான் இதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டால் முப்பத்தொன்று, மூன்று என்ற எண்களைப் பற்றியும் பேச வேண்டி வரும்.

பிரிண்டர் அடுத்த வாரம் வந்தது. தன் கடையில் வேண்டாம், விலை கூடுதல் என்று மாமா சொன்னதால் அப்பா ஜாசினில் வாங்கினார். மாமாதான் மாட்டிக் கொடுத்தார். ஓட்டிப் பார்க்க அம்மா ஒரு யானை அடித்தார். தும்பிக்கை நன்றாகத் தெரிந்தது. பிறகு மாமா, “அக்கா, நானும் கொஞ்சம் அடிச்சிக்கவா?” என்று கேட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். பிரிண்டர் கரகரவென்று வெகுநேரம் ஓடியது. எனக்குப் பிராசசரை இல்லாமல் ஆக்கிவிட்டு, பிரிண்டரை முதல் நாளே இவர் எடுத்துக்கொண்டார் என்று எனக்கு ஆத்திரம். கதவிடுக்கு வழியாகப் பார்த்துத் தாள்களை எண்ணினேன். வரிகள் எல்லாத் தாளிலும் ஒரே அளவில், ஒரே இடத்தில் இருந்தன. மேலே இருந்த முகவரி மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு. அவர் ஒவ்வொரு தாளையும் மூன்றாக மடித்து, உறையில் போட்டு, மேசை ஓரத்தில் வரிசையாக வைத்தார்.

பச்சை நோட்டின் கடைசி வரி அன்றைக்கு எழுதியது. அழிக்காமல், அழுத்தி எழுதியிருக்கிறேன்: “மாமா ஒரே கடிதத்தை ஆறு முறை அடித்தார். தாள் வீண். அம்மாவிடம் கார்பன் இருக்கிறது, கேட்டிருக்கலாம்.”